கொப்புளத்தால் பெயர் பெறும் ஈக்கள்

நாட்டு மருந்துக் கடைகளில் விற்கப்படும் மாசிக்காய், பெயரில் காய் என்று இருந்தாலும் எந்தப் பூவிலிருந்தும் காய்த்தது அன்று. மேற்காசியாவில் வளரும் ஓக் மரத்தின் இளந்தளிரில் ஒரு சிறு குளவி முட்டையிட, அதிலிருந்து வரும் புழுவைச் சுற்றி மரம் தன் திசுக்களைத் திரட்டி உருவாக்கிய உருண்டையே மாசிக்காயாகும். அதே கடையில் கிடைக்கும் கர்க்கடகசிருங்கியும் இமயமலைச் சாரலில் வளரும் ஒரு மரத்தின் இலையில் அசுவினிப் பூச்சிகள் உண்டாக்கிய கொம்பு வடிவ வளர்ச்சிதான். ஒரு செடியின் உடலைக் கொண்டே, அச்செடிக்குத் தேவையில்லாத ஓர் உறுப்பை வேறோர் உயிர் தன் தேவைக்காகச் செய்வித்துக்கொள்ளும்போது கிடைக்கும் இத்தகைய வளர்ச்சிகளைத் தமிழில் கொப்புளம் என்றும் முடிச்சு என்றும் வழங்குகின்றனர். குளவி, அசுவினி, இலைப்பேன், சிலந்திப்பேன், நூற்புழு எனப் பல உயிர்களுக்கு இந்த வித்தை தெரியும் என்றாலும், இதைத் தன் குடும்பத் தொழிலாகவே கொண்டு உலகமெங்கும் பரவியிருப்பது, கொசுவைப் போன்ற தோற்றமும் அதைவிட மிகச் சிறிய உடலும் கொண்ட ஓர் ஈக்குடும்பம் ஆகும்.

செசிடோமையிடே என்பது அக்குடும்பத்தின் அறிவியல் பெயர். கொப்புளத்தைக் குறிக்கும் ஒரு கிரேக்கச் சொல்லும் ஈயைக் குறிக்கும் மற்றொரு கிரேக்கச் சொல்லும் சேர்ந்து உருவான செசிடோமையா என்னும் பேரினப் பெயரை ஜெர்மானியப் பூச்சியியலார் யோகான் மெய்கன் 1803-இல் வைக்க, பின்னர் குடும்பமே அப்பெயரால் வழங்கலாயிற்று. பூச்சியைப் பார்த்து அல்லாமல், அது செடியில் விட்டுச்செல்லும் தடத்தைப் பார்த்து வைக்கப்பட்ட பெயர் இது. தமிழ்நாட்டு நெல் உழவரும் இதே வழியில்தான் சென்றனர். பயிரின் தூரிலிருந்து யானைத் தந்தம் போல வெளிறி நீளும் குழலைக் கண்டு, அதற்குக் காரணமான பூச்சியை ஆனைக்கொம்பன் என்றனர். இக்குடும்பத்தில் ஈயின் உருவத்தை விட அதன் வீட்டின் வடிவமே அடையாளத்துக்கு உறுதியான சான்று என்பதை வகைப்பாட்டியலார் நுண்ணோக்கியின் வழியாக உணர்ந்தார்கள் என்றால், உழவர் வயல் வரப்பில் நின்றே உணர்ந்திருந்தனர்.

ஈயை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு இனம் சொல்வது ஏன் கடினம் என்பது அதன் உடலைப் பார்த்தால் விளங்கும். பெரும்பாலான கொப்புள ஈக்கள் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் நீளமே கொண்டவை. ஒரே இணைச் சிறகுகளால் பறப்பதாலும், மற்ற இணை பறக்கும்போது உடலைச் சமநிலையில் வைக்கும் சிறு குமிழ்களாகச் சுருங்கியிருப்பதாலும் இவை வீட்டு ஈ, கொசு ஆகியவற்றோடு இருசிறகிகள் என்னும் வரிசையில் சேர்கின்றன. நீண்ட கால்களும், மணி கோத்தது போன்ற கணுக்களைக் கொண்ட நீண்ட உணர்கொம்புகளும் கொசுவை நினைவூட்டினாலும் இவற்றுக்குக் குத்தி இரத்தம் உறிஞ்சும் வாயுறுப்பு இல்லை. வளர்ந்த ஈ ஓரிரு நாட்களே வாழ்வதாலும், அந்நாட்களில் பெரும்பாலும் எதையும் உண்ணாததாலும், இணை தேடுவதும் முட்டையிடுவதுமே அதன் வேலை. சிறகின் நரம்புகள் பல இனங்களில் மூன்று நான்கு கோடுகளாகக் குறைந்துபோயிருப்பதால், மற்ற ஈக்களைப் பிரித்தறிய உதவும் சிறகு நரம்பமைப்பு இங்கே அதிகம் கைகொடுப்பதில்லை. ஆண் ஈயின் இனப்பெருக்க உறுப்பு, கூட்டுப்புழுவின் தலைமுனைக் கொம்புகள், முதிர்ந்த புழுவின் முன்மார்பின் அடியில் காணப்படும் பழுப்பு நிறத் தகடு ஆகியவற்றைக் கண்ணாடிச் சில்லில் பதித்து நுண்ணோக்கியில் பார்த்தே இனத்தைத் தீர்மானிக்க வேண்டும். அந்த மார்புத் தகடு புழுவுக்கு மண்வெட்டியாகவும், சில இனங்களில் கொப்புளத்தைக் குடைந்து வழி செய்யும் உளியாகவும் பயன்படுகிறது.

இக்குடும்பத்தை இன்றைய வகைப்பாடு ஆறு துணைக்குடும்பங்களாகப் பிரிக்கிறது. கட்டோட்ரிக்கினே, லெஸ்ட்ரெமினே, மைக்ரோமையினே, வின்னெர்ட்சினே, போரிகாண்டிலினே என்னும் ஐந்தும் மக்கும் மரத்திலும் இலைச்சருகிலும் வளரும் பூஞ்சைகளை உண்டு வாழ்பவை. இவற்றின் புழுக்கள் எந்தச் செடியிலும் கொப்புளம் எழுப்புவதில்லை என்பதால், குடும்பப் பெயர் இவற்றுக்குப் பொருந்தாத பெயரே. ஆறாவதான செசிடோமையினே மட்டுமே மற்ற ஐந்தையும் சேர்த்தாலும் எட்டாத அளவுக்குப் பெருகியிருக்கிறது. கொப்புளம் செய்யும் இனங்கள் எல்லாம் இதில் அடங்குகின்றன. பழமையான துணைக்குடும்பங்களில் உச்சந்தலையில் எளிய கண்கள் எஞ்சியிருப்பதும், செசிடோமையினேயில் அவை மறைந்து, பாதத்தின் முதல் கணு இரண்டாவதை விட மிகக் குட்டையாகிவிட்டதும், ஆண்களின் உணர்கொம்பில் நூல் வளையங்களைப் போன்ற மோப்ப உறுப்புகள் தோன்றியிருப்பதும் இந்தப் பிரிவினைக்கு ஆதாரமாகக் கொள்ளப்படும் சில பண்புகள். பூஞ்சை உண்ட மூதாதையரின் ஒரு கிளை உயிருள்ள செடியின் பக்கம் திரும்ப, பூக்கும் தாவரங்கள் பலவாகப் பெருகிய காலத்தில் அந்தக் கிளையும் அவற்றோடு பெருகியது என்பதே இதிலிருந்து பெறப்படும் வரலாறு.

பூஞ்சை உண்ணும் கிளையிலும் வியப்புக்குக் குறைவில்லை. 1860-களின் தொடக்கத்தில் ரஷ்யாவின் கசான் நகரில் பணியாற்றிய நிக்கொலாய் வாக்னர், மரப்பட்டையின் அடியில் வாழும் மியாஸ்டர் என்னும் கொப்புள ஈயின் புழு, கூட்டுப்புழுவாகவோ ஈயாகவோ மாறாமல், புழுவாக இருக்கும் நிலையிலேயே குட்டிப் புழுக்களை ஈன்றதைக் கண்டார். தாய்ப்புழுவின் உடலுக்குள் முட்டைகள் ஆணின் துணையின்றி வளர்ந்து, பிறக்கும் சேய்ப்புழுக்கள் தாயின் உள்ளுறுப்புகளையே உண்டு, இறுதியில் அதன் தோலைக் கிழித்துக்கொண்டு வெளிவருகின்றன. புழு ஈன்றெடுக்கும் என்பதை அக்கால அறிஞர் பலர் நம்ப மறுத்தனர். பின்னர் கருவியல் அறிஞர் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேர் இதை ஏற்று, இளம்பருவ இனப்பெருக்கம் என்று பொருள்படும் பெயரையும் அளித்தார். உணவு நிறைந்திருக்கும் வரை புழுவே புழுவை ஈன்று பெருகுவதும், உணவு குறைந்து நெரிசல் கூடும்போது மட்டும் சிறகு முளைத்த ஈக்கள் தோன்றி வேறிடம் தேடுவதும் இவ்வினங்களின் வழக்கம். மக்கும் மரம் போன்ற, எதிர்பாராமல் கிடைத்து விரைவில் தீர்ந்துபோகும் உணவைப் பயன்படுத்திக்கொள்ள இதை விடச் சிக்கனமான வழி இருக்க முடியாது. இதே காரணத்தால், காளான் வளர்ப்புக் கூடங்களில் இக்கிளையைச் சேர்ந்த ஈ ஒன்று நுழைந்துவிட்டால் சில வாரங்களில் படுக்கை முழுவதும் ஆரஞ்சு நிறப் புழுக்களாகிவிடுகிறது.

செடியை உண்ணும் கிளைக்கு வந்தால், முதலில் எழும் கேள்வி கொப்புளம் எப்படி உண்டாகிறது என்பது. சில குளவிகளைப் போல இந்த ஈக்கள் பெரும்பாலும் தம் முட்டையிடும் குழலால் செடிக்குள் எதையும் செலுத்துவதில்லை. பெரும்பாலான இனங்களில் முட்டை செடியின் மேற்பரப்பில் இடப்படுகிறது. அதிலிருந்து வெளிவரும் புழு வளரும் திசுவைத் தேடிச் சென்று தன் உமிழ்நீரால் அதைத் தொட்ட பிறகே மாற்றம் தொடங்குகிறது. அந்த உமிழ்நீரில் என்ன இருக்கிறது என்பதைக் கோதுமையைத் தாக்கும் ஹெஸ்ஸியன் ஈ ஓரளவு வெளிப்படுத்தியிருக்கிறது. அமெரிக்க விடுதலைப் போரின்போது லாங் ஐலண்ட் பகுதியில் இவ்வீ பெருகியதால், ஆங்கிலேயரின் கூலிப்படையாக வந்த ஜெர்மானிய ஹெஸ்ஸியன் வீரர்களின் வைக்கோல் படுக்கைகளோடு அது வந்து சேர்ந்தது என்று அந்நாட்டு உழவர் நம்பி அப்பெயரிட்டனர்; அதற்கு 1817-இல் தாமஸ் சே அளித்த அறிவியல் பெயரில் அழிப்பான் என்னும் பொருள் அமைந்துவிட்டது. அதன் மரபணுத் தொகுதி 2015-இல் வெளியானபோது, உமிழ்நீர்ச் சுரப்பியில் செயல்படும் ஒரே வகைப் புரதக் குழுவுக்கு மட்டும் நானூறுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் இருப்பது தெரியவந்தது. தேவையற்ற புரதங்களைக் குறிவைத்துச் சிதைப்பதற்காகச் செடி தன் செல்களில் வைத்திருக்கும் கருவிகளின் வடிவத்தை அப்புரதங்கள் போலி செய்கின்றன. செடியின் சொந்தக் கட்டளைகளைப் புழு மாற்றி எழுதுகிறது என்பதே இதன் பொருள். அந்தக் கட்டளையின்படி, புழு அமர்ந்த இடத்தில் மெல்லிய சுவர் கொண்ட, சத்து நிறைந்த செல்களின் படலம் உருவாகிறது. கடித்து மெல்ல வலுவான தாடை இல்லாத அப்புழுவுக்கு உறிஞ்சும் பதத்தில் உணவு கிடைக்கிறது.

நெற்பயிரில் இந்தக் கதை எவ்வாறு நடக்கிறது என்பதை நெருங்கிப் பார்ப்பது தகும். ஓர்சியோலியா ஒரைசே என இன்று அறியப்படும் ஆனைக்கொம்பன் ஈயை, கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் உட்-மேசன் 1889-இல் விவரித்துப் பெயரிட்டார். பெண் ஈயின் வயிறு செம்மஞ்சள் நிறத்தில் பளிச்சென்று இருக்கும். ஆண் சற்றுச் சிறியது. பெண் ஈ இரவில் வெளிவந்து, விளக்கொளியை நாடி, நூறு முதல் இருநூறு வரையான முட்டைகளை இலையின் அடிப்புறத்திலும் இலை உறையின் அருகிலும் இடுகிறது. மூன்று நான்கு நாட்களில் பொரிக்கும் புழு ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாதது. உலர்ந்த பரப்பில் அதனால் நகர முடியாது. பனித்துளியோ தூறலோ இலையை நனைத்திருந்தால் மட்டுமே அது அந்த நீர்ப்படலத்தில் நெளிந்து, இலை உறைக்கும் தண்டுக்கும் இடையே இறங்கித் தூரின் அடியிலுள்ள குருத்தின் வளர்முனையைச் சென்று சேர்கிறது. மேகமூட்டமும் தூறலும் ஈரப்பதமும் தொடரும் பருவமழைக் காலத்தில், அதிலும் பிந்தி நட்ட வயல்களில் இதன் தாக்குதல் கூடுவதற்கு இதுவே காரணம்.

வளர்முனையை அடைந்த புழு அங்கே உண்ணத் தொடங்கியதும் அக்கிளைப்பின் வருங்காலம் முடிந்துவிடுகிறது. இலையாக விரிய வேண்டிய உறுப்பு, இரு விளிம்புகளும் ஒன்றிக் குழலாக மூடிக்கொண்டு, புழுவைத் தன் அடியில் வைத்து நீள்கிறது. இலைப்பரப்பு முற்றிலும் அடங்கி உறை மட்டுமே வளர்வதால் அக்குழல் வெங்காயத்தாளைப் போல உள்ளீடற்று, வெளிறிய பச்சையில் வெள்ளி மினுமினுப்போடு, பத்து முதல் முப்பது சென்டிமீட்டர் வரை உயர்கிறது. நுனியில் நகத்தளவு இலைத்துண்டு ஒன்று, உருவாகாமல் போன இலையின் எச்சமாக ஒட்டிக்கொண்டிருக்கும். குழலைப் பிடித்து மெல்ல இழுத்தால் எளிதில் கழன்று வரும். அதைப் பிளந்தால் அடியில் சிவந்த புழுவையோ கூட்டுப்புழுவையோ காணலாம். கூட்டுப்புழுவின் வயிற்றில் பின்னோக்கிய முட்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றை ஏணிப்படியாக ஊன்றி, குழலின் உள்ளே நெளிந்து நுனி வரை ஏறி, தலைக்கொம்பால் துளையிட்டு, உடலின் முன்பாதியை வெளியே நீட்டி நிற்கும் நிலையில் அதன் தோல் பிளக்க, ஈ பறந்துவிடுகிறது. துளையில் செருகிய நிலையில் எஞ்சும் வெற்றுத்தோல், விடியற்காலையில் வயலில் இறங்குபவருக்குக் கண்ணாடி போல மின்னும் சிறு குச்சியாகத் தெரியும். முட்டையிலிருந்து ஈ வரை மொத்தம் மூன்று வார அளவே ஆகும்.

இதில் உழவர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கொம்பு கண்ணில் படும் அளவுக்கு நீள்வது, பெரும்பாலும் புழு தன் உணவை முடித்துக் கூட்டுப்புழுவாகும் தறுவாயில்தான். கொம்பைக் கண்டவுடன் மருந்து தெளிப்பது, அக்கிளைப்பைப் பொறுத்தவரை, திருடன் போன பின் கதவைச் சாத்துவதாகவே முடிகிறது. பாதிக்கப்பட்ட கிளைப்பில் கதிர் வராது. பயிர் பக்கக் கிளைப்புகளை விட்டு ஈடுசெய்ய முயன்றாலும், அடுத்த தலைமுறைப் புழுக்கள் அக்கிளைப்புகளுக்கே வந்து சேர்வதும் உண்டு.

ஆகையால் தடுப்பின் பெரும்பங்கு விதையிலேயே அடங்கியிருக்கிறது. இந்த ஈயை எதிர்க்கும் மரபணுக்கள் பத்துக்கும் மேற்பட்டவை நெல்லில் கண்டறியப்பட்டிருக்கின்றன. அவற்றில் பலவற்றின் செயல்முறை எளிது: புழு தொட்ட இடத்தில் செல்கள் தாமாகவே மடிந்து கருகிவிட, உணவில்லாமல் புழுவும் மடிகிறது. தமிழ்நாட்டில் எம்.டி.யூ. 3 என்னும் மதுரை இரகம் இதற்கெனப் பரிந்துரைக்கப்படுகிறது. ஆனால் எதிர்ப்பு இரகம் ஒன்று பரவலாகப் பயிரிடப்பட்டால், அதன் எதிர்ப்பை மீறும் ஈக்களே பிழைத்துப் பெருகுகின்றன. ஆந்திராவில் புகழ் பெற்றிருந்த பால்குணா இரகத்தின் எதிர்ப்பு இவ்வாறுதான் வடகடலோர மாவட்டங்களில் உடைந்தது. உருவத்தில் எந்த வேறுபாடும் இல்லாமல், எந்த நெல்லைத் தாக்க முடியும் என்பதில் மட்டும் வேறுபடும் இத்தகைய உயிர்வகைகள் இந்தியாவில் ஏழு அடையாளம் காணப்பட்டுள்ளன. இனம் என்னும் எல்லைக்குள்ளேயே வகைப்பாடு இன்னும் ஒரு படி இறங்க வேண்டியிருப்பதற்கு இது தக்க சான்று.

எல்லை மேல்நோக்கியும் குழப்பம் தருகிறது. ஓர்சியோலியா பேரினத்தின் மற்ற இனங்கள் வரப்பில் வளரும் புற்களிலும் இதேபோன்ற குழல்களை எழுப்புகின்றன. அருகம்புல்லில் கொப்புளம் செய்யும் ஓர்சியோலியா சைனோடான்டிஸ் அவற்றுள் ஒன்று. இந்த ஈக்கள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய தோற்றம் கொண்டவை என்பதால், புல்லில் கண்ட கொப்புளத்தை எல்லாம் நெல்லின் எதிரி எனக் கருதிவிட வாய்ப்பு உண்டு. உண்மையில் அருகம்புல்லின் ஈ நெல்லுக்கு வருவதில்லை. ஆப்பிரிக்க நெல்லைத் தாக்கும் ஈயும் நெடுங்காலம் ஆசிய இனமாகவே எண்ணப்பட்டு, 1982-இல்தான் ஓர்சியோலியா ஒரைசிவோரா என்னும் தனி இனமாகப் பிரிக்கப்பட்டது. ஒரு கண்டத்தில் எதிர்ப்புக் காட்டிய நெல் மற்றொரு கண்டத்திலும் எதிர்க்கும் என்று நம்பி விதை அனுப்புவதற்கு முன் இந்தப் பிரிவினை தெரிந்திருக்க வேண்டும். பெயர் சூட்டுவது ஏட்டளவு வேலை அன்று.

கொப்புளம் புழுவுக்குக் கோட்டை போலத் தோன்றினாலும் அதற்குள்ளும் எதிரி நுழைகிறது. பிளாட்டிகாஸ்டர் ஒரைசே என்னும் கடுகளவுகூட இல்லாத கறுப்புக் குளவி ஆனைக்கொம்பன் ஈயின் முட்டைக்குள்ளேயே தன் முட்டையை இடுகிறது. ஈயின் முட்டை பொரித்து, புழு குருத்துக்குச் சென்று கொம்பு எழுப்பும் வரை காத்திருந்து, பிறகு ஒரே குளவி முட்டை பலவாகப் பிரிந்து, அத்தனையும் புழுவை உள்ளிருந்தே தின்று தீர்க்கின்றன. ஒரு புழுவின் தோலுக்குள் குளவிகளின் கூட்டுப்புழுக்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதைக் கொம்பைப் பிளந்தால் காணலாம். இந்த ஒட்டுண்ணி தாக்கிய கொம்புகளைச் சேகரித்து, நட்ட பத்தாம் நாள் வாக்கில் வயலில் பரவலாக வைக்குமாறு தமிழ்நாட்டு வேளாண் பரிந்துரைகள் சொல்கின்றன.

பூஞ்சை உண்ட முன்னோரின் பழக்கத்தைச் செடிக்கு வந்த பின்பும் கைவிடாத ஒரு பிரிவும் உண்டு. அஸ்பாண்டிலியா பேரினத்துப் பெண் ஈ, முட்டையிடும்போதே ஒரு பூஞ்சையின் வித்துகளையும் செடிக்குள் வைத்துச் செல்கிறது. அந்த வித்துகளைச் சுமக்க அதன் உடலில் தனிப் பைகளே இருக்கின்றன. கொப்புளத்தின் உட்சுவர் முழுவதும் பூஞ்சை படர, புழு அதனிடையே வாழ்கிறது. எள்ளின் மொட்டையும் இளங்காயையும் காய்க்காத கொப்புளங்களாக மாற்றும் எள் கொப்புள ஈ இப்பேரினத்தைச் சேர்ந்ததே. இதே பேரினத்தின் வட அமெரிக்க இனம் ஒன்றின் புழு, காலே இல்லாமல், உடலை வளையமாக மடித்து, தலைப்பக்கத்தையும் வால்பக்கத்தையும் நுண்மயிர்களால் பூட்டி, உள்ளழுத்தத்தை ஏற்றிச் சட்டென்று விடுவித்து, தன் நீளத்தைப் போல் இருபது முப்பது மடங்கு தூரம் பாய்வதை 2019-இல் ஆய்வாளர் அதிவேகப் படக்கருவியால் பதிவு செய்தனர்.

தமிழ்நாட்டுத் தோட்டங்களில் இக்குடும்பத்தின் தடங்கள் வேறு பலவும் உள்ளன. மல்லிகை மொட்டு அடிபருத்து, ஊதா நிறமேறி, மலராமல் உதிர்வது மொட்டு ஈயின் வேலை. மாவிலையில் கடுகு தெளித்தாற்போல் எழும் முடிச்சுகளும், அவை காய்ந்து விழுந்த இடத்தில் தெரியும் துளைகளும் வேறோர் இனத்தின் வேலை. முருங்கை மொட்டுக்கும் சோளக் கதிருக்கும் தனித்தனி இனங்கள் இருக்கின்றன.

இக்குடும்பத்தைப் பகைவர் பட்டியலில் மட்டும் வைப்பது நியாயமாகாது. செசிடோமையினேயின் சில இனங்கள் செடியை விட்டுச் செடியின் எதிரிகளை உண்ணத் தொடங்கிவிட்டன. அசுவினிகளைக் குத்தி உறிஞ்சும் அஃபிடோலெட்டஸ் அஃபிடிமைசா இனத்தின் புழுக்கள் பசுமைக்குடில் விவசாயிகளுக்கு விற்கப்படும் அளவுக்குப் பயன்படுகின்றன. பலாவின் நெருங்கிய உறவான, மலேசியாவில் செம்படாக் எனப்படும் மரத்தில், ஆண் பூங்கொத்தின் மேல் வளரும் பூஞ்சையை உண்ண வரும் கொப்புள ஈக்களே மகரந்தத்தைப் பெண் பூங்கொத்துக்குக் கொண்டு செல்கின்றன. பலாவிலும் இவ்வாறு மகரந்தம் சேர்க்கும் ஓர் இனம் அமெரிக்காவின் புளோரிடாவில் கண்டறியப்பட்டு 2018-இல் விவரிக்கப்பட்டது. முக்கனிகளில் ஒன்றின் பூவுக்கு யார் வருகிறார்கள் என்பதைப் பலாவின் தாயகமான இந்தியாவின் தோட்டங்களில் நுணுகிப் பார்க்க வேண்டிய தேவையை அந்தப் புளோரிடாக் கண்டுபிடிப்பு எழுப்புகிறது.

உலகில் இதுவரை பெயர் பெற்ற கொப்புள ஈக்கள் 6,600-க்கும் சற்று அதிகம். ஆனால் கனடாவில் பொறிகளில் விழுந்த பூச்சிகளின் டி.என்.ஏ. துணுக்குகளை ஒப்பிட்டு பால் ஹீபர்ட் குழுவினர் 2016-இல் வெளியிட்ட மதிப்பீடு, இந்த ஒரு குடும்பத்தில் மட்டும் 18 லட்சம் இனங்கள் இருக்கக்கூடும் என்று கூறியது. அம்மதிப்பீடு பாதி தவறாக இருந்தாலும், பெயரில்லாதவற்றின் எண்ணிக்கை பெயருள்ளவற்றைப் பல மடங்கு மிஞ்சும். தஞ்சாவூரில் பிறந்து, ஆக்ரா செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் பூச்சியியல் கற்பித்த எம். எஸ். மணி, இந்தியத் தாவரக் கொப்புளங்களைச் செடிவாரியாகத் தொகுத்து எழுதிய நூல், இந்தத் துறையில் இறங்குபவர்களுக்கு இன்றும் முதல் துணையாக இருக்கிறது. அதை நிறைவாக்கும் வேலைக்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. கொப்புளம் உள்ள இலையையோ மொட்டையையோ செடியின் பெயர், ஊர், தேதி ஆகியவற்றோடு ஈரப்பஞ்சு வைத்த புட்டியில் இட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி வைத்தால், சில நாட்களில் ஈ வெளிவரும். புழு, கூட்டுப்புழுவின் தோல், ஆண், பெண் ஆகிய நான்கையும் எரிசாராயத்தில் பாதுகாத்து, கொப்புளத்தையும் உலர்த்தி உடன் சேர்த்து, அருகிலுள்ள வேளாண் கல்லூரியின் பூச்சியியல் துறைக்குக் கொடுக்கலாம். பள்ளி, கல்லூரி ஆசிரியர்கள் தங்கள் மாணவர்களைக் கொண்டு இவ்வாண்டு ஒரே ஒரு மரத்திலிருந்தாவது இதைச் செய்து பார்க்க வேண்டும்.